பழத்தை மரத்திலேயே பார்க்க எங்கே போகலாம்? கம்பம், பண்ருட்டி, பர்லியாறு: ஓர் ஒப்பீடு

சனி ஞாயிறோடு இன்னொரு நாள் லீவு சேர்ந்து வருகிறது. வீட்டில் மூட்டுவலிக்காரர் ஒருவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். கடலும் வேண்டாம், அணையும் வேண்டாம், பழம் விளைகிற ஒரு சின்ன ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மரத்தையும் கொடியையும் காட்டிவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது. எங்கே போவது? திராட்சைக்குக் கம்பமா, பலாவுக்குப் பண்ருட்டியா, மங்குஸ்தானுக்குக் குன்னூர் மலைச்சரிவில் இருக்கிற பர்லியாறா? மூன்று ஊருக்கும் ஒரு முறைக்கு மேல் போயிருக்கிறேன். தப்பான மாதத்தில் போய், கடையில் தொங்கிய பழத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. அந்த ஏமாற்றம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

பொதுவாக நாம் ஊரை முடிவு செய்துவிட்டு, அப்புறம் தேதி பார்ப்போம். பழ ஊருக்கு இது ஒத்துவராது. தேதிதான் முதலில். உங்களுக்கு லீவு கிடைப்பது எந்த மாதம் என்று சொல்லுங்கள், எந்த ஊர் என்று தானாகவே பாதி முடிவாகிவிடும். பண்ருட்டிப் பலா பங்குனியில் ஆரம்பித்து ஆனியில் ஓய்ந்துவிடும். சித்திரையும் வைகாசியும்தான் மரம் நிறையக் காய் தொங்குகிற நாட்கள். மங்குஸ்தான் அதற்குப் பின்னால், ஆனி ஆடி மழைத் தூறலோடு வரும். இந்தக் கணக்குக்குள் அடங்காதது கம்பம் திராட்சை ஒன்றுதான். அங்கே ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் கொத்து தொங்கிக்கொண்டிருக்கும்.

அதெப்படி ஆண்டு முழுவதும் என்று முதல் தடவை போனபோது எனக்கும் விளங்கவில்லை. குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கிவிடும், எழுந்திருப்பது வசந்தத்தில். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட குளிர் கிடையாது, கொடி தூங்குவதே இல்லை. அதை நிறுத்துவதும் எழுப்புவதும் தோட்டக்காரர் கையில் இருக்கிறது. கவாத்து என்று சொல்வார்கள்: கொடியை வெட்டிக் குறைத்துவிட்டால், அதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வந்துவிடும். ஒருவர் இந்த மாதம் கவாத்து செய்வார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடுத்த மாதம் செய்வார். அதனால் ஒரே வாய்க்கால் ஓரத்தில் நடந்து போனால், ஒரு பந்தல் மொட்டையாக நிற்கும், அடுத்ததில் மிளகு அளவுக்குப் பிஞ்சு, அதற்கடுத்ததில் கருநீலமாகப் பழுத்த கொத்து. நான்கு மாதக் கதையையும் பத்து நிமிட நடையில் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

கம்பத்தின் பேர் சொல்லும் ரகம் பன்னீர் திராட்சை. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படும் ரகம் இது. 2023-இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. விதை உண்டு, தோல் கொஞ்சம் தடிமன். விதையில்லாத பச்சைத் திராட்சைக்குப் பழகிய பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். இரண்டு பழம் உள்ளே போன பிறகு அந்த மணம் பிடித்துவிடும், அப்புறம் கொத்து காலியாகும் வரை நிறுத்த மாட்டார்கள்.

பந்தலுக்குள் நுழைவதே தனி அனுபவம். வரிசையாகத் தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டி, அதன் மேல் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே பச்சை நிழல், காலடியில் ஈர மண். உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும், இல்லையென்றால் கொத்து நெற்றியில் இடிக்கும். நாங்கள் போன அன்று சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் நான்கைந்து பேர் சின்னக் கத்தரியால் காம்பை நறுக்கி, பழத்தில் விரல் படாமல் காம்பை மட்டும் பிடித்துப் பெட்டியில் இறக்கினார்கள். என் அக்கா மகன் ஒரு கொத்தை ஆசையாகத் தடவிப் பார்த்தான். அதைப் பார்த்த ஓர் அம்மா, “தடவாத சாமி, பழம் பளபளன்னு ஆயிட்டா வியாபாரி பழசுன்னு கழிச்சிருவாரு” என்றார். அப்போதுதான் உற்றுக் கவனித்தேன்: ஒவ்வொரு பழத்தின் மேலும் விபூதி பூசினாற்போல் மெல்லிய வெள்ளைப் படலம், பையன் விரல் பட்ட இடம் மட்டும் கறுத்து மினுங்கியது. அது மருந்து இல்லை. பழம் தானாகவே போட்டுக்கொள்கிற மெழுகு. ஈரம் போகாமல் காப்பதும் அதுதான். ஆனால் இலைகளில் திட்டுத் திட்டாக நீலம் கலந்த வெள்ளைக் கறை தெரிந்தால் அது வேறு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து. அதனால் பந்தலில் பறித்ததை அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளாமல், ஒரு வாளித் தண்ணீர் கேட்டுக் கழுவிச் சாப்பிடுங்கள். கேட்டால் யாரும் இல்லை என்று சொன்னதில்லை.

கம்பத்தை நான் முன்னால் நிறுத்துவதற்குத் திராட்சை மட்டும் காரணமில்லை. அந்தப் பள்ளத்தாக்கே பார்க்க வேண்டிய இடம். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை, நடுவில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895-இல் முடிந்தது. கட்டியவர் ஜான் பென்னிகுக். குமுளி மலையடிவாரத்தில் இருக்கிற லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இந்தத் தண்ணீரை நம்பி கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் நடக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று தேனிப் பக்கத்து ஊர்களில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார என்ஜினியருக்கு ஏன் பொங்கல் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பந்தலையும் வயலையும் பார்த்துவிட்டு மணிமண்டபத்துக்குப் போனால் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

பக்கத்தில் சுருளி அருவி இருக்கிறது, கம்பத்திலிருந்து 10 கிலோமீட்டர் அளவில். வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை மூடிவிடும், அதனால் அருவியை நம்பித் திட்டம் போடாதீர்கள், திறந்திருந்தால் லாபம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறலாம். குமுளி, தேக்கடி ஒரு மணி நேரத்துக்குள். ரயிலில் வருகிறவர்களுக்கு மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடி வரை அகலப் பாதை 2023-இல் திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டது. தேனியில் இறங்கினால் கம்பத்துக்குப் பஸ் பஞ்சமே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. குமுளி போகிற சாலையிலும் சுருளிப்பட்டிப் பக்கமும் சுற்றுலாக்காரர்களுக்கென்றே திறந்து வைத்த தோட்டங்கள் உண்டு. வாசலில் ஜூஸ் கடை, ஜாம், உள்ளே போட்டோ எடுக்க ஒரு பந்தல். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வேலை நடப்பதைப் பார்க்க முடியாது, தொங்குகிற கொத்துகளைத்தான் பார்க்கலாம். கொஞ்சம் உள்ளே கிராமத்துக்குள் போய், டீக்கடையில் “இன்னைக்கு எந்தத் தோட்டத்துல வெட்டு?” என்று கேட்டால், நீங்கள் பார்க்க வந்த காட்சி அங்கே இருக்கும். அப்புறம் இரண்டு காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகிற வண்டிகளால் குமுளிச் சாலை திணறும், போக்குவரத்தைக் கம்பமெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், லாட்ஜில் அறை கிடைப்பதும் கஷ்டம். ஐப்பசி அடைமழையில் போனாலோ, பழம் வெடித்துப் போன தோட்டக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். நஷ்டத்தில் இருக்கிறவர் பந்தலில் போய் நின்று போட்டோ எடுக்க மனசு வராது.

சரி, பண்ருட்டிக்கு வருவோம்.

பண்ருட்டி சுற்றுலா ஊர் இல்லை. அங்கே உங்களை எதிர்பார்த்து யாரும் கடை திறந்து வைத்திருக்கவில்லை, உள்ளே வாங்க என்று போர்டு வைத்த தோட்டமும் கண்ணில் படவில்லை. அது வியாபார ஊர். பலாவும் முந்திரியும் வண்டி வண்டியாக வந்து, விலை பேசி, ஏறிப் போகிற ஊர். இப்படி இருப்பதே எனக்கு அதன் பெரிய பலம் என்று படுகிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பழம் பலா. ஊர் ஊராகத் தள்ளுவண்டியில் “பண்ருட்டிப் பலா, பண்ருட்டிப் பலா” என்று கூவி விற்கிறார்களே, அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா?

சென்னைக்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் இதுதான் கிட்டத்தில். சென்னையிலிருந்து விழுப்புரம் போய் அங்கிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம். ரயில் நிலையமும் ஊரிலேயே இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் விடியற்காலை என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். பலா பழுக்கிற சித்திரை வைகாசியில் கடலூர் மாவட்டத்து வெயில் லேசுப்பட்டதில்லை. பத்து மணிக்கு மேல் செம்மண் தரையில் கால் வைக்க முடியாது. காய் இறக்குகிற வேலையும் காலையிலேயே முடிந்துவிடும். பத்தரை மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய்ச் சேர்ந்தால், சாலையோரம் குவித்து வைத்த பலாக் குவியலைத்தான் பார்ப்பீர்கள்.

பணிக்கன்குப்பம், மாளிகம்பட்டு, மருங்கூர் என்று ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான் தோப்புகள். தெரிந்தவர் ஒருவர் வழியாகச் சொல்லி வைத்து ஒரு தோப்புக்குப் போயிருந்தோம். பலா மரத்தில் காய் கிளை நுனியில் காய்க்காது; அடிமரத்திலும் பெருங்கிளையிலும் ஒட்டிக்கொண்டு தொங்கும். சில காய் தரையைத் தொட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை உயரத்துக்கு இருக்கும். மரம் ஏறுகிறவர் ஒவ்வொரு காயாக விரல் மடக்கித் தட்டினார். பிஞ்சுக் காய் டக் டக் என்று கட்டையைத் தட்டினாற்போல் கேட்கும், முற்றியது தொம் என்று உள்வாங்கிக் கேட்கும். முள் நெருக்கம் விட்டுக் கொஞ்சம் படுத்திருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு காம்பில் கயிறு கட்டி, கத்தியால் அறுத்து, கயிற்றை நழுவவிட்டு நழுவவிட்டு இறக்கினார். கீழே நின்றவர் இரண்டு கையாலும் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். அறுத்த காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருந்தது. 20 கிலோ காயை மேலிருந்து போட்டால் வெடித்துவிடும், ஒரு காய் போனால் ஒரு நாள் கூலி போன மாதிரி. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். செல்போனைக் கேட்கவே இல்லை.

தோப்பு வீட்டு ஆயா ஒரு பழத்தை எங்களுக்காக அரிந்தார். கையிலும் அரிவாள்மனையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நடுத்தண்டை முதலில் கழித்து, சக்கையை விரித்துச் சுளையைக் கிள்ளி எடுத்தார். “எண்ணெய் இல்லாம தொட்டீங்கன்னா ஊருக்குப் போற வரைக்கும் பிசுக்கு வுடாது” என்று சொல்லி எங்கள் கையிலும் ஆளுக்கு இரண்டு சொட்டு விட்டார். அப்போதே தோலிலிருந்து பிரிந்த சுளைக்கும் நகரத்தில் ஈ மொய்க்க வாங்குகிற சுளைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் திறமை போதாது. மொறுமொறுப்பு, அப்புறம்தான் இனிப்பு. கொட்டைகளைக் கூட வீணாக்காமல் கழுவி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார், குழம்புக்கு ஆகும் என்று.

அந்தத் தோப்பில் இளமரங்களுக்கு நடுவே அங்கங்கே மட்டும் பெரிய மரங்கள் நின்றன. ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை, “தானே.” 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த புயல். பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளையும் பாட்டன் வைத்த பலா மரங்களையும் அந்த ஒரு காலை வேரோடு சாய்த்துவிட்டது. முந்திரியாவது நட்ட சில வருஷத்தில் காய்க்கும். இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கிற பருமனுக்கு ஒரு பலா வர வேண்டுமென்றால் ஒரு தலைமுறை போக வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு அந்தத் தோப்பில் நின்று பாருங்கள், இளமரத்தில் தொங்குகிற ஒவ்வொரு காயும் வேறு மாதிரி தெரியும்.

பழம் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், ஊருக்குள்ளேயே திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில். சூலை நோயால் துடித்த அப்பர், தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்து, நோய் தீர்ந்து பாடத் தொடங்கிய தலம். வெயில் ஏறிய பிறகு உட்கார அந்தக் கல்மண்டபத்தைவிட நல்ல நிழல் ஊரில் வேறு எங்கும் கிடைக்காது. மாலையில் கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குப் போகலாம். தங்குவதென்றால் புதுச்சேரியிலோ கடலூரிலோ தங்கிக்கொள்ளுங்கள்.

முந்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. அதே பருவத்தில், பங்குனி சித்திரையில், முந்திரிப் பழம் சிவப்பும் மஞ்சளுமாகத் தோப்பு முழுக்க உதிர்ந்து கிடக்கும். உப்புத் தொட்டுச் சாப்பிடலாம், தொண்டை கொஞ்சம் கரகரக்கும். ஆனால் பிள்ளைகள் பச்சைக் கொட்டையைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டில் இருக்கிற எண்ணெய் உதட்டைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

மூன்றாவது, பர்லியாறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில், கிட்டத்தட்ட பாதி வழியில் இருக்கிற சின்ன இடம். 1871-இல் அங்கே தோட்டக்கலைப் பண்ணை போட்டார்கள். சமவெளி வெப்பமும் இல்லை, மலையுச்சிக் குளிரும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஈரமான காற்று. அதனால்தான் மலேயாப் பக்கத்து மரங்களான மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் எல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டன. ஜாதிக்காய், கிராம்பு மரங்களும் உண்டு. பருவத்தில் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வாங்கியதும் உடைக்காமல் முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூ மாதிரி ஒரு சின்ன முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை வெள்ளைச் சுளை. பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லிவிட்டு உடைத்துக் காட்டினால் கை தட்டுவார்கள். தோலின் சாயம் துணியில் பட்டால் போகாது, வெள்ளைச் சட்டை வேண்டாம்.

துரியனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது சாப்பிட்டால் பிள்ளைப்பேறு கிடைக்கும் என்று நம்பி எங்கெங்கோ இருந்து தம்பதிகள் வந்து, சொல்கிற விலைக்கு வாங்கிப் போகிறார்கள். அப்படி நடக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. அவர்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்தப் பணத்தையும் நாளையும் நல்ல மருத்துவரிடம் செலவழிக்கலாம் என்றுதான் என் தங்கையாக இருந்தாலும் சொல்லுவேன். பழத்தைப் பழமாகச் சாப்பிட விருப்பம் இருந்தால் ஒரு சுளை வாங்கிப் பாருங்கள். அதன் வாடையைக் காருக்குள் ஏற்றாதீர்கள்.

பர்லியாற்றின் குறை, அது வழியில் நிற்கிற இடமே தவிர, போய் இருக்கிற இடம் இல்லை. ஒரு மணி நேரம் போதும். அதோடு குன்னூரைச் சேர்த்தால்தான் பயணம் நிறையும். மேலே குளிரில் பிளம்ஸ், பீச், பேரி, பெர்சிமன் விளைகின்றன. கோடையில் தெருவோரத்தில் தவிட்டுப்பழம் என்கிற காட்டுப்பழத்தைச் சின்னக் கூறாக வைத்து விற்பார்கள், விட்டுவிடாதீர்கள். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும். டன் கணக்கில் பழத்தை அடுக்கி யானையும் மயிலும் செய்து வைத்திருப்பார்கள். கூட்டம் நெரியும். அழகுதான், இருந்தாலும் மரத்தில் பழம் பார்க்க வேண்டும் என்று கிளம்பியவர்களுக்கு அது விடையில்லை.

போகிற வழி பற்றியும் கவனம் வேண்டும். சொந்த வண்டியில் நீலகிரிக்குப் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வைத்தார்கள், வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. அரசுப் பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் கூடாது. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். ஆகவே பர்லியாற்றில் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால் அந்தப் பக்கமே வர முடியாமல் போகும். ஏறும்போதே நிறுத்திவிடுங்கள். மலை ரயிலில் போகிறவர்களும் பர்லியாற்றைப் பார்க்க முடியாது, அது சாலை வழியில்தான் இருக்கிறது.

மாம்பழத்தை ஏன் விட்டுவிட்டேன் என்று கிருஷ்ணகிரிக்காரர்களும் சேலத்துக்காரர்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிருஷ்ணகிரியில் விளைகிறதில் பெரும்பங்கு கிளிமூக்கு என்று சொல்கிற பெங்களூரா, அது மாங்கூழ் ஆலைக்குப் போகிறது. சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு தோப்பாகப் பார்க்கலாம், ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சியும் உண்டு. பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு இதுதான் பக்கம், தாராளமாகப் போகலாம். ஆனால் மாமரம் நம்மில் பலர் வீட்டுக் கொல்லையிலேயே நின்றிருக்கிறது. பிள்ளைகள் இதுவரை பார்க்காததைக் காட்ட வேண்டுமென்றால், பந்தலில் தொங்கும் திராட்சையும் அடிமரத்தில் தொங்கும் பலாவும்தான் என் தேர்வு. குற்றாலச் சீசனில் போகிறவர்களுக்கு அங்கேயே மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடையில் கிடைக்கும். அது அருவிக்குப் போன இடத்தில் பழம் வாங்குவது, இந்தக் கணக்கில் வராது.

ஆக, யாருக்கு எது? உங்கள் லீவு எந்த மாதம் என்று நிச்சயமில்லை, கூட வருகிறவர்களில் மூட்டுவலிக்காரர் இருக்கிறார், இரண்டு இரவு தங்க வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கம்பம். தரை சமமாக இருக்கிறது, நிழலில் நடக்கலாம், வண்டி பந்தல் வாசல் வரை போகும், திராட்சை ஒரு தோட்டத்தில் இல்லையென்றால் இன்னொன்றில் இருக்கும். என் அம்மா பந்தலுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெட்டுகிற பெண்களோடு முக்கால் மணி நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். பண்ருட்டியில் இதே அம்மாவால் வெயிலுக்கு அரை மணி நேரம் தாங்க முடியவில்லை. வளைவுகளில் வாந்தி எடுக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பர்லியாறு, குன்னூர் வேண்டாம். மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதுமே கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். பல வகைப் பழத்தைச் சுவை பார்க்க வேண்டும், தோட்டம் இரண்டாம்பட்சம்தான் என்கிறவர்களுக்கு ஆனி ஆடியில் அந்த மலைச்சாலையை விட நல்லது இல்லை.

ஆனால் என்னிடம் இன்னொரு தடவை எங்கே போவாய் என்று கேட்டால் பண்ருட்டி என்றுதான் சொல்வேன். வைகாசியில், காலை ஆறு மணிக்கு, தெரிந்த ஒருவர் துணையோடு. வசதி குறைவு, வெயில் அதிகம், கிடைப்பது மூன்று மணி நேரம்தான். இருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில் யாரும் நமக்காக எதையும் ஜோடித்துக் காட்டுவதில்லை. ஒரு ஊர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, நாம் ஓரமாக நின்று பார்க்கிறோம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளாக இருந்தால் அவர்களும் இதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கம்பத்தை “திராட்சை ஊர்” என்கிறார்கள், பண்ருட்டியை “அந்த ஆயா ஊர்” என்கிறார்கள்.

எந்த ஊருக்குப் போனாலும், தோட்டம் என்பது ஒருவருடைய பிழைப்பு. வேலி திறந்திருக்கிறது என்று உள்ளே போகாதீர்கள், குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். வெட்டுகிறவர்களுக்கு மணிக் கணக்கில் கூலி ஓடும், அவர்களை நிறுத்தி வைத்துப் போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். பிள்ளை ஒரு கொத்தை இழுத்துவிட்டால் அதற்கான காசைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். வாங்குவதைத் தோட்டத்திலேயே வாங்கினால் பழமும் புதுசு, பணமும் விளைவித்தவர் கைக்குப் போகும். பலாவை முழுசாக வாங்குவதாக இருந்தால் இன்னும் இரண்டு நாளில் பழுக்கிற மாதிரி முற்றிய காயைக் கேளுங்கள், பஸ்ஸில் வாசனை வராது. கோணிப்பை ஒன்று, நல்லெண்ணெய் சின்னப் பாட்டில், பழைய செய்தித்தாள், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், இவ்வளவு போதும். திராட்சையை அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக வைத்துக் கொண்டுவாருங்கள், பையில் போட்டால் பாதி வழியிலேயே சாறாகிவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், யார் தோட்டத்துக்குப் போகிறீர்களோ அவருக்கு ஒரு போன் போட்டு, “நாளைக்கு வெட்டு இருக்குங்களா?” என்று கேட்டுவிடுங்கள். வியாபாரி வரவில்லை, வெட்டு மூன்று நாள் தள்ளிப் போகிறது என்று சொன்னால், முடிந்தால் நீங்களும் மூன்று நாள் தள்ளிப் போங்கள்.